பெற்றவள் கழற்றிய மாலை

சம்பந்தியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய முகமல்ல, வலது கை. பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் ஆள்காட்டி விரலின் நுனி தடித்துப்போய், ஊசி குத்திய புள்ளிகளோடு இருக்கும். அந்தக் கை ஒரு கார்த்திகை மாதக் காலையில் கூட்டத்துக்கு நடுவே நீண்டு, தரையில் கிடந்த தன் மகனின் கழுத்திலிருந்து ஐயப்ப மாலையைத் தலைவழியாகக் கழற்றியது. அப்போது அந்த அறையில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர் இருந்தோம். அவரைத் தடுக்க ஒருவருக்கும் துணிவில்லை. உதவவும் ஒருவரும் முன்வரவில்லை.

அவர் என் மகளின் மாமியார். செல்லூரில், விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் வீடு. ஒரே மகன், எங்கள் மருமகன், அதே பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். தறிக்கு வேண்டிய உருளைகளையும் பல்சக்கரங்களையும் கடைந்து கொடுக்கும் வேலை. கை சுத்தமான வேலைக்காரர் என்று தறிக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்துத் தல்லாகுளம் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன். வரப்பில் நின்று பயிரையும் தெருவில் நின்று ஆடுமாடுகளையும் எண்ணிய வேலை. வேலை விட்டாலும் பழக்கம் விடவில்லை. கோயிலுக்குப் போனால் தூணை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் இலையை எண்ணுவேன். எண்ணி முடித்துவிட்டால் ஒரு விஷயம் கைக்குள் அடங்கிவிடும் என்று நம்பியவன். அடங்கவில்லையென்றால் மறுபடியும் எண்ணுவேன். என் மனைவிக்கு இதனால் தலைவலி.

என் அப்பா அடுத்தவர் வயலில் கதிர் அறுத்தவர். நாங்கள் படித்து, ஆனையூரில் வீடு கட்டி, மகளைச் சொந்தப் பட்டறை உள்ள ஒருவருக்குக் கொடுத்தோம். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல. மருமகன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் எனக்கு இலை. மருமகனிடம் "ஏன்" என்று ஒரு கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்த குடும்பங்கள் எங்களுடையவை. கல்யாணமான இரண்டாம் வருடம் அவர் மேல் வாடை வரத் தொடங்கியபோது நாங்கள் செய்தது ஜன்னலைத் திறந்தது மட்டும்தான். எதற்குத் திறக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. "மெதுவாப் பேசுங்க, மாப்பிள்ளை காதுல விழுந்துரப் போகுது" என்று என் மனைவி அடுக்களைக்குள் என்னை அடக்குவார். குடிக்கிறவர் கூச்சமில்லாமல் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். நாங்கள் சொந்த வீட்டில் கிசுகிசுத்துக்கொண்டிருப்போம்.

ஒரு வருடம் அவர் தானாகவே ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டார். மாலை போட்டவர் ஒரு மண்டலம் குடிக்கக் கூடாது, கோபப்படக் கூடாது, பாயில்தான் படுக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றிலிருந்து அவர் மாப்பிள்ளை இல்லை, சாமி. என் மகளும் சாமி என்றாள், பெற்ற தாயும் சாமி என்றார், நானும் சாமி என்றேன். அந்த மண்டலம் முழுவதும் அவர் பட்டறையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். பேரனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். மகள் போனில் பேசும்போது நடுநடுவே சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு மலைக்குப் போய் வந்தார். மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டார். பிள்ளைகளுக்குப் பிரசாதம் கொடுத்தார். "செத்த வெளிய போய்ட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டினார். அன்று அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்துதான் வீட்டில் விட்டார்கள்.

எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அது ஒரு மண்டலம் வேலை செய்தது. அப்படியானால் மருந்தை நீட்டிக்க வேண்டியதுதானே? ஐயப்பன் முடிந்ததும் பழனி முருகனுக்கு மாலை போடச் சொன்னோம். அது முடிந்தால் பங்குனியில் அம்மனுக்குக் காப்பு. புரட்டாசியில் பெருமாள். சுவரிலிருந்த நாள்காட்டியை இறக்கித் தரையில் வைத்து, நானும் என் மனைவியும் மகளும் குனிந்து பார்த்தோம். வைகாசி, ஆனி, ஆவணி மூன்றும் காலியாக இருந்தன. அந்த மாதங்களுக்குப் பொருத்தமான சாமியைத் தேடினோம். சொன்னால் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைப் படிக்கும் வீடுகளில் எத்தனையில் இப்படி ஒரு நாள்காட்டி தரையில் விரிந்திருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பின்னாளில் நான் சந்தித்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இதையே செய்திருந்தார்கள். இதில் பக்தி கொஞ்சம்தான். மாலை போட்டிருக்கும்போது அவரிடம் பேச வேண்டியதில்லை, சாமியிடம் என்ன கேட்பது? மாலை இல்லாதபோது பேசப் பயம். ஆக, வருடம் முழுவதும் அவரிடம் பேசாமல் இருப்பதற்கு ஒரு வழி கிடைத்தது.

ஒவ்வொரு மாலைக்குப் பிறகும் குடி கூடியது. மூன்றாம் வருடம் கார்த்திகை பிறந்தபோது அவர் காலையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தார். உள்ளே கொஞ்சம் போனால்தான் லேத்தில் வைக்கும் கை நிற்கும் என்ற நிலை. அப்படிப்பட்டவர் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டு சட்டென்று நிறுத்தினார். இரண்டாம் நாள் வேர்த்துக் கொட்டியது. "விரதம் கடுமையா இருக்காரு" என்று நாங்கள் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் காலை செல்லூர் வீட்டில் பஜனை. நானும் என் மனைவியும் ஆனையூரிலிருந்து போயிருந்தோம். சரணம் சொல்லிக்கொண்டிருந்த மருமகன் திடீரென்று மேலே பார்த்தார். கண் சொருகியது. பல் கிட்டியது. அப்படியே பின்னால் விழுந்து கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"சாமி வந்துருச்சு! யாரும் தொடாதீக!" என்று குருசாமி குரல் கொடுத்தார். மாலை போட்டுவிட்ட மூத்த சாமி அவர். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். சரணக் கோஷம் இரண்டு மடங்கானது. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் கைகூப்பி நின்றேன். என் மகள் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சம்பந்தியம்மா அடுக்களையிலிருந்து வந்தார். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு வந்து மகனைப் பார்த்தார்.

"இது சாமி இல்ல" என்றார். என் மகளைப் பார்த்து, "ஆட்டோவைக் கூப்பிடு தாயி."

"டீச்சரம்மா, பதறாதீக. செத்த நேரத்துல மலையேறிரும்" என்றார் குருசாமி.

"ஏறுறது சாமி இல்ல சாமி, என் மகன் உசுரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"மாலையோடயா? அங்க பிணவறை இருக்கு. தீட்டு."

"அப்பச் சரி. மாலை இல்லாமக் கொண்டு போறேன்."

"யாத்திரை முடியாமக் கழட்டக் கூடாதும்மா!"

"பெத்தவ கையால கழட்டலாம்னு நீங்கதான சொன்னீக?"

"அது மலைக்குப் போய்ட்டு வந்த பெறகு."

"போய்ட்டு வாரதுக்கு அவன் இருக்கணும்ல?" என்றார். அப்போதுதான் அந்தக் கை நீண்டது. மாலையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக் குருசாமியின் கையிலேயே கொடுத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, கும்பிட்டது போதும். காலைப் பிடிங்க."

மருமகனின் காலை நான் பிடிப்பதா என்று அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு கூச்சம் எழுந்தது. பிடித்தேன். மகள் தலைமாட்டைப் பிடித்தாள். சந்து குறுகலானது, ஆட்டோ உள்ளே வராது. முனை வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடினோம். பின்னால் சரணக் கோஷம் நின்றுபோய்விட்டது. தறிச் சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வலிப்பு நிற்க ஊசி போட்டு, ஆள் தூங்கிய பிறகு எங்களை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். தினமும் அதிகமாகக் குடிக்கிற உடம்பு அதற்கே பழகியிருக்கும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் எல்லாம் வரும், உயிரே போகலாம் என்றார். "நிறுத்தணும்னு நினைச்சதுல தப்பே இல்லைங்கய்யா. வீட்டுல தனியா நிறுத்துனதுதான் ஆபத்து. எங்க பார்வையில, மருந்தோட நிறுத்தலாம். அதுக்குன்னே வார்டு இருக்கு." பிறகு, எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "உங்களுக்கு யார் உதவி பண்றாங்க?" எனக்குப் புரியவில்லை. "எங்களுக்கா? நாங்க குடிக்கிறதில்லையே டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குடிக்கிறவர்களின் வீட்டார் செல்லூரில் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள், போய் உட்காருங்கள் என்றார்.

எனக்குப் போகும் எண்ணமே இல்லை. சம்பந்தியம்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனையூருக்கே பஸ் ஏறி வந்துவிட்டார். "கெளம்புங்கண்ணே."

"நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அங்க வாரவுக எல்லாம் அந்த நாலு பேருதான். வாங்க."

ஒரு தறிக்கூடத்துக்கு மேலே மாடியில் இரண்டு அறைகள். ஓர் அறையில் குடியை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் உட்காருவார்கள். பக்கத்து அறை வீட்டாருக்கு. வாசலில் பத்தொன்பது ஜோடி செருப்பு கிடந்தது. என் செருப்பை யாராவது அடையாளம் கண்டுவிடப் போகிறார்கள் என்று அதைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். உள்ளே பெரும்பாலும் பெண்கள். பெயர் கேட்பதில்லை. ஊரையும் உறவையும் வைத்துத்தான் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து நான் ஆனையூர் மாமனார். நூல் வியாபாரக் குடும்பத்து அம்மா ஒருவர் இருந்தார். அழுகை வந்தால் சௌராஷ்டிர மொழிக்குப் போய்விடுவார். அவர் என்ன சொன்னார் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

என் முறை வந்தபோது நான் தயாராக இருந்தேன். மருமகன் எப்போது தொடங்கினார், வாரத்துக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, எந்தெந்த மாதம் கூடியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். மூலையிலிருந்த ஓர் அக்கா கையைத் தூக்கினார். கீரை விற்கிறவர். "அய்யா, அவரு எம்புட்டுக் குடிச்சாருன்னு இங்க யாரும் கேக்கலை. இந்த வாரம் நீங்க என்ன செஞ்சீக, அதச் சொல்லுங்க." சொந்தக்காரர் கேட்டபோது "மாப்பிள்ளைக்கு மஞ்சள் காமாலை" என்று சொன்னதைச் சொன்னேன். அறையே சிரித்தது. ஒரு அம்மா, "எங்க வீட்டுக்காரருக்கு நாங்க மூணு தடவை மஞ்சக்காமாலை வர வச்சிருக்கோம்" என்றார். நானும் சிரித்துவிட்டேன். வருடக்கணக்கில் மூடி வைத்திருந்ததைப் பற்றி வெளிப்படையாகச் சிரிக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அதற்கு அடுத்ததாகப் பேசியவர் சம்பந்தியம்மா. எழுந்து நின்று, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் பேசினார். "என் வீட்டுக்காரர் காய்ச்சல்ல செத்தாருன்னு இத்தனை வருசமாச் சொல்லிட்டு இருக்கேன். காய்ச்சல் இல்ல. குடி. கோயில்ல கையில கயிறு கட்டிக் குடியை நிப்பாட்டுனோம். மூணாம் நாள் இதே மாதிரி இழுத்துச்சு. சாமின்னு சொன்னாக. நானும் வேப்பிலையைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சாயங்காலம் ஆள் இல்லை." சொல்லி முடித்து உட்கார்ந்து சேலை மடிப்பைச் சரி செய்தார்.

பெண் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் எதிரில் உட்கார்ந்து, காய்ச்சல் என்று சொன்னவர்! படி இறங்கும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. படியிலேயே நிறுத்தினேன்.

"சம்பந்தியம்மா, இது நியாயமா? பொண்ணு கேட்டு வந்தப்பச் சொல்லியிருக்க வேண்டாமா?"

"சொல்லியிருந்தா பொண்ணு குடுத்திருப்பீகளா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதான் சொல்லலை. தப்புத்தான். உங்க மகதான் அனுபவிக்கிறா, அவ கால்ல விழக்கூட நான் தயார். கோவம் தீர வையிங்க, வாங்கிக்கிறேன். ஆனா அடுத்த ஞாயித்துக்கெழமை நீங்க வரணும். என்மேல உள்ள கோவத்தைச் சாக்கா வச்சு வீட்டுல உக்காந்துறாதீக."

மூன்று மாதம் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் ஞாயிறு தவறவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். டீ வந்தால் என் டம்ளரை நகர்த்தி வைப்பார். நான் அதை எடுத்துக்கொள்வேன். கோபம் எந்த நாளில் போனது என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணாமல் விட்டவை குறைவு, அது அவற்றில் ஒன்று.

அந்த அறையில் கற்றதைச் சம்பந்தியம்மா உடனே வீட்டில் செய்து பார்க்கிறவர். மகனுக்காகப் பொய் சொல்வதில்லை என்று தொடங்கினார். மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அந்தத் தனி வார்டுக்குப் போகாமல் மறுபடி குடிக்கத் தொடங்கியிருந்தார். தறிக்காரர்கள் சாமான் கேட்டு வந்தால், "குடிச்சிட்டுப் படுத்திருக்கான், எந்திரிச்சதும் அவனையே கேளுங்க" என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது. "இப்படித் தெருவுல போட்டு உடைக்கலாமா?" என்றேன். "தெருவுக்குத் தெரியாததா அண்ணே? தெரியாத மாதிரி நடிக்கிறது நீங்களும் நானுந்தான்" என்றார். என் மகளை ஒரு நாள் எதிரில் உட்கார வைத்தார். "தாயி, நீ இங்க இருக்கியா, பிள்ளைகளைக் கூட்டிட்டு உங்கப்பா வீட்டுல கொஞ்ச நாள் இருக்கியா? எதுன்னாலும் நீ சொல்லு. ஊருக்காக இருக்க வேண்டாம், எனக்காகவும் இருக்க வேண்டாம்." மகள் இரண்டு மாதம் எங்களோடு வந்து இருந்தாள். நான் பயந்தபடி ஊர் இடிந்து விழவில்லை. மகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியேறினாள். அவள் அங்கே பேசியவற்றைக் கேட்டுத்தான், என் வீட்டில் வளர்ந்த பெண்ணை எனக்குத் தெரிய வந்தது.

அதற்குப் பிறகுதான் மருமகன் வார்டில் சேர்ந்து, மூன்று வாரம் இருந்துவிட்டு வந்து, சில மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் மறுபடியும் குடித்துவிட்டு வந்தார். நான் தளர்ந்துபோனேன். அவ்வளவுதான், எல்லாம் வீண் என்றேன். சம்பந்தியம்மா கத்தவில்லை, அழவில்லை. கதவைத் திறந்து விட்டார், தண்ணீர் வைத்தார், படுத்துக்கொண்டார். காலையில் மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம். "தையல் தப்பாப் போச்சுன்னா துணியையா எரிப்போம்? பிரிச்சுட்டு மறுபடி தைப்போம். டாக்டரைப் பாக்க நீயாப் போறியா, நான் வரட்டுமா?" அவர் தானாகவே போனார். இரண்டாம் முறை வார்டிலிருந்து வந்த பிறகு, பக்கத்து அறையில் அவரும் வந்து உட்காரத் தொடங்கினார். ஒரே படியில் ஏறுவோம். மேலே போனதும் அவர் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம். உள்ளே என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. மாமனாரும் மருமகனும் என்ற இடைவெளி அப்போதும் அப்படியே இருந்தது. வாங்க மாமா, வாரேன் மாப்பிள்ளை, அவ்வளவுதான்.

அந்தக் குருசாமியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. மருமகன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வாசல்வரை வந்து, மாலை போட்டிருந்ததால் உள்ளே வராமல், சம்பந்தியம்மாவை வெளியே வரச்சொல்லி விசாரித்தார். டாக்டர் சொன்னதைச் சம்பந்தியம்மா அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். மறு கார்த்திகையிலிருந்து மாலை கேட்டு வருகிறவர்களிடம் குருசாமி முதலில் கேட்கிற கேள்வி இதுதான்: "தெனம் குடிக்கிறவுகளா? அப்ப டாக்டரைப் பாத்துட்டு வாங்க சாமி. மாலை எங்கயும் போயிராது."

போன வருடம் ஐப்பசியில், அடைமழை பெய்த ஒரு நாள், சம்பந்தியம்மா மாரடைப்பில் போய்விட்டார். காலையில் நன்றாக இருந்தவர், மதியம் இல்லை. செய்தி கேட்டதும் துக்கத்தோடு சேர்த்து எனக்கு ஒரு பயம் பிடித்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அப்போது மருமகன் குடியை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த நான்கு வருடத்தைத் தாங்கிப் பிடித்திருந்தவர் கூடத்தில் படுக்க வைக்கப்பட்டிருந்தார். எங்கள் பக்கம் சாவு என்றால் சாராயம் இல்லாமல் நடக்காது. மேளக்காரருக்கு, சுடுகாட்டு வேலைக்கு, பாடை கட்டுகிறவருக்கு என்று பெயர் சொல்லிப் பை பையாக வரும். சம்பந்தியம்மா உயிரோடு இருந்தபோதே, "எஞ் சாவுக்கு ஒரு பாட்டிலும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்று சொல்லி வைத்திருந்தார். ஆனால் இனி சொல்ல அவர் இல்லை. மருமகனின் சித்தப்பா ஒருவர் வந்து இறங்கினார். கையில் மஞ்சள் பை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஏற்கெனவே வந்து வாசற்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கீரை அக்கா சித்தப்பாவின் பையைப் பார்த்தார். "அண்ணே, பையை அந்தப் பக்கம் வச்சுட்டு வாங்க. டீச்சரம்மா அழைச்சது ஆளைத்தான்."

"நீ யாரு என்னைச் சொல்ல?"

"நான் டீச்சரம்மாவோட ஆளு. நாங்க எட்டுப் பேரும் எந்திரிச்சாத்தான் உள்ள வழி."

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே பையைச் சந்து முனையில் வைத்துவிட்டு வந்தார். ஆனால் சுடுகாட்டில் வாசற்படி இல்லை. மழையில் நனைந்து, தோளில் குடத்தோடு சிதையைச் சுற்றிவந்த மருமகனுக்குக் கை கிடுகிடுவென்று ஆடியது. சித்தப்பா அருகில் போய், "ரெண்டு மடக்குப் போட்டுக்கப்பா. அப்பத்தான் கொள்ளி வைக்கக் கை நிக்கும். ஆத்தாளுக்காகத்தானே?" என்றார். மருமகனின் பார்வை, பாட்டில் செருகியிருந்த சித்தப்பாவின் இடுப்பு மடிப்பில் ஒரு கணம் நின்றது. நான் அதைப் பார்த்தேன். ஓடிப்போய் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றேன். "ஆடுனா ஆடட்டும்" என்றேன். ஆடிய கையாலேயே அவர் கொள்ளி வைத்தார்.

அதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் செல்லூர் வீட்டில் இருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் கொள்ளி வைத்தவர் தெருவைத் தாண்டக் கூடாது, அடுத்தவர் வாசல் மிதிக்கக் கூடாது. மொட்டையடித்த தலையோடு மருமகன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரர்கள் நாலைந்து பேர் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகன் என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"மாமா."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"குடிக்கணும் போல இருக்கு மாமா."

கல்யாணமான இந்தப் பதினான்கு வருடத்தில் குடி என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னதில்லை. நானும் அவரிடம் சொன்னதில்லை. என் மனைவியாக இருந்தால் கோயிலுக்குப் போகலாம் என்றிருப்பார். பழைய நானாக இருந்தால் காதில் விழாத மாதிரி ஜன்னலைத் திறந்திருப்பேன்.

"நேத்துல இருந்தா, இப்பவா?" என்றேன்.

"சுடுகாட்டுல இருந்து."

"சரி. மணி மூணாகப் போகுது. கூட்டத்துக்குப் போவோம். சட்டையைப் போடுங்க."

மகள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய் அவருடைய சட்டையை எடுத்து வந்தாள். சித்தப்பா எழுந்துவிட்டார்.

"என்ன சம்பந்தி இது? காரியம் முடியல. கொள்ளி வச்சவன் இன்னொருத்தர் வாசல்ல போய் ஏறுறதா? படிச்ச மனுசன், நீங்களே கூட்டிட்டுப் போறீகளே?"

நான் சடங்கு சாத்திரத்தில் ஒரு சின்னப் பிசகு நடந்தாலும் மூன்று நாள் தூங்காதவன். ஆனாலும், "தீட்டு என்மேல வந்துட்டுப் போகட்டும்" என்றேன். "பதினாறாம் நாள் பிண்டம் வைக்க மாப்பிள்ளை தெளிவோட உக்காரணும். அதுக்கு இப்பப் போகணும். வழி விடுங்க."

அவர் வழி விடவில்லை. நாங்கள்தான் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். சந்தில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது. மருமகன் முன்னால், நடுவில் மகள், பின்னால் நான். மாடிப்படி ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவர் நின்று, திரும்பி, கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். யார் யாரைப் பிடித்துக்கொண்டு ஏறினோம் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மேலே போனதும், இடப்பக்க அறை வாசலில் அவர் தயங்கினார். உள்ளே இருந்தவர்கள் அந்த மொட்டைத் தலையைப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மாமா, முடிஞ்சதும் போயிறாதீக. சேந்து போவோம்."

"இங்கேயே இருக்கேன் மாப்பிள்ளை. போய்ப் பேசுங்க."

அவர் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு நானும் மகளும் வலப்பக்க அறைக்குப் போனோம். எல்லோரும் துக்கம் கேட்டார்கள். எப்போதும் முதலில் பேசுகிறவர் இல்லாததால் யார் தொடங்குவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நின்றேன்.

"இந்த வாரம் நான் செஞ்சதைச் சொல்றேன்" என்றேன்.